அடுப்புப் பெட்டிக்குள் உறைந்த தயிர்

இந்தக் கனடாவில் தயிர் உறைய வேண்டுமென்றால் கிண்ணத்தை ஓவன் என்கிற அடுப்புப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே இருக்கும் விளக்கைப் போட்டுவிட வேண்டும். தீ கிடையாது, விளக்குச் சூடுதான். எங்கள் ராஜபாளையத்து வெக்கைக்கு உறை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் தயிர் கட்டிவிடும்.

உறைமோர் மட்டும் ஊரிலிருந்து வந்தது. இங்கே இருக்கிற மகள் செல்விக்கு மார்பில் புற்று என்று போன் வந்ததும், உறைமோர் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் தயிர் கல் மாதிரி நிற்கும். "நல்லவேளக்கா, விளக்கு வைக்கும் முன்னாடி வந்துட்ட. பொழுதடைஞ்சா கூடப் பொறந்தவளுக்கும் மோரு கிடையாது" என்று சிரித்தாள். நான் தறியில் நெய்த பேண்டேஜ் துணியை அதில் நனைத்து, நிழலில் காயவைத்து, சேலை மடிப்பில் கொண்டுவந்தேன். இங்கே வெதுவெதுப்பான பாலில் அதைப் போட்டதும் உறைந்துவிட்டது.

இங்கே மருமகன் போனில் ஒன்றை வாசித்தார். தயிரில் இருக்கிற உயிர்க்கிருமிகள் மரபணு சேதமாகாமல் காக்கலாமாம். மரபணு என்றால் என்ன என்று கேட்டேன். "உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் இருக்கிற எழுத்து அத்தை. அது அழிஞ்சுதான் இந்த நோயே வருது" என்றார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் நான். ஓர் எழுத்து அழிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மறுநாளிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

புற்றுக்கான மூன்றாவது கீமோ ஊசிக்குப் போன அன்று, என்ன சாப்பிடுகிறாள் என்று நர்சம்மா கேட்டாள். பாராட்டுவாள் என்று நினைத்து, "எங்க ஊரு மோர விட்டு நானே உறை ஊத்துன தயிருன்னு சொல்லுட்டி" என்றேன். செல்வி சொன்னாள். நர்சம்மாவின் பேனா நின்றுவிட்டது.

செத்த நேரத்தில் டாக்டர் வந்தார். அவர் பேசப் பேசச் செல்வி எனக்குச் சொன்னாள்.

"தயிரு மரபணுவக் காக்கும்னு சோதனைக்கூடத்துல, எலியிலதான் பாத்திருக்காகளாம்மா. மனுசருக்குக் காக்கும்னு உறுதியில்லையாம். இப்ப எனக்கு வெள்ளையணு ரொம்பக் கொறைஞ்சுபோச்சு. வீட்டுத் தயிருல இருக்க நல்ல கிருமிகூட ரத்தத்துல எறங்கிரலாமாம். காய்ச்சல் வந்தா உடனே வரணுமாம்."

"காலையில எம்புட்டுட்டி சாப்பிட்ட?"

"நீ குடுத்த அம்புட்டும்."

தறி இரைச்சலில், நூல் கொண்டோடும் நாடா தெறித்து வந்தபோதுகூடப் பயந்தவளில்லை; அன்று பயந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள், காய்ச்சல் பார்க்கிற கருவியும் கையுமாக அவள் பக்கத்திலேயே இருந்தேன். "எழுத்துதான் தகராறு, எண்ணு தெரியும்லா. இங்க முப்பத்தெட்டு டிகிரின்னா காய்ச்சல், அதுக்குப் போயிருச்சான்னு பாரு" என்று கேலி செய்தாள். அவள் உதடு வறண்டிருந்தது.

காய்ச்சல் வரவில்லை. ஆனால் ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. பயமும் அப்படியே இருக்கிறது.

உறைமோர்த் துணியை எறிய மனம் வரவில்லை. மகளுக்குக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி. இந்த ஊர்ப் பாலில் என் ஊர் மோர் விட்டு உறைந்த தயிரை நான் தனியாக, கதவோரம் நின்று சாப்பிடுகிறேன். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டு, அந்த வாசம் போகக் கழுவிவிட்டுத்தான் அவள் நெற்றியைத் தொடுகிறேன்.