கெட்டிமேளத்துக்குள் ஓர் அழுகை

வேலைக்குத் திரும்புகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடும்படி பள்ளியில் கேட்டிருந்தார்கள். பிரசவ விடுப்புக்கு முன் அங்கே கணக்கு டீச்சராக இருந்தேன். விடுப்பு முடிந்ததும் இனி நாதஸ்வரம்தான் என் தொழில் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்; பள்ளிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் மேளக்காரர்கள் யாரும் இல்லை. சின்ன வயதில் கருடசேவைக் கூட்டத்துக்குள் நின்று கேட்ட அந்த ஒலி பிடித்துப்போய்க் கற்றுக்கொண்டேன். அதைத் தவிர யாருக்கும் சொல்ல என்னிடம் வேறு காரணம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைப் பக்கம் ஒரு கல்யாணம். எங்கள் மேளச் செட்டில் நாயனம் வாசிக்க நான் ஒருத்திதான். இரவு ஷிப்ட் முடித்த கணவர் தூங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். முகூர்த்தத்துக்கு முன் பால் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு தாமதமாகி, எழுந்துபோக இடைவெளியே கிடைக்கவில்லை.

நான் வாசிக்க ஆரம்பித்ததும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து என் மகளின் அழுகை வந்தது. நிறுத்தினால் நின்றது. மறுபடி எடுத்தால் மறுபடி வந்தது. பக்கத்திலிருந்த தவில்காரர் குனிந்து, "உன் பொண்ணு ஒத்து ஊதுதும்மா. சுதிதான் கொஞ்சம் மேல இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த வாத்தியார் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கினார். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். அன்று நான் மறைக்க வேண்டிய அழுகை எதுவென்று எனக்குத் தெரியும். மூச்சை முழுவதும் இழுத்து மேல் ஸ்தாயியில் ஊதினேன். தவில் சேர்ந்துகொண்டது. அவள் குரல் காணாமல் போயிற்று. அதுவரை நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. வாசித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. அதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாம் முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன். பெண் வீட்டு அம்மா ஒருவர், முகூர்த்த நேரத்தில் குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்.

"வண்டி நிக்கிற எடத்துக்குப் போயும் அழுதுக்கினே இருந்தாம்மா. நீ ஊதினா அழுவுறா, நிறுத்தினா நிறுத்துறா. ஏன்?" என்றார் கணவர்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. வீட்டில் தினமும் அவளைப் பக்கத்தில் பாயில் விட்டுவிட்டுச் சாதகம் செய்வேன். முடித்ததும் மடியில் எடுத்துப் பால் கொடுப்பேன். நாயனச் சத்தம் கேட்டால் அம்மா வருவாள் என்று நானே பழக்கியிருந்தேன். சத்தம் வந்தது, அம்மா வரவில்லை.

அவரிடம் சொன்னேன். குழந்தையை என் கையில் கொடுத்தார். "ஸ்கூலுக்குப் போனா மட்டும் அழ மாட்டாளா? எனக்குத் தெரிலமா. நீயே பாத்துச் சொல்லு."

திங்கட்கிழமை போன் செய்து, வரவில்லை என்றேன். நன்றாக யோசித்தீர்களா என்று தலைமையாசிரியை கேட்டார். யோசித்துவிட்டதாகச் சொன்னேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று வரிசையை மாற்றினேன். முதலில் பால், பிறகு சாதகம். வயிறு நிறைந்திருந்தும், முதல் சத்தம் கேட்டதுமே தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எடுத்த ராகத்தை முடிக்காமல் எழுந்தால் பழைய பழக்கமே நிலைத்துவிடும் என்று தொடர்ந்து வாசித்தேன். வீட்டில் தவில் இல்லை. அவள் அழுதது முழுவதும் கேட்டது.