அக்காவின் துவக்கும் ஆறாம் கட்டளையும்

அக்காவின் ஓராண்டு நினைவாக வரும் இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் உறவினர் சிலர் என்னிடம் ஒரே வேண்டுகோளை வைத்தார்கள். அக்காவின் தாதித் தொழிலை எழுது, பக்தியை எழுது, பாடும் குரலை எழுது. துவக்கை, அவருடைய வேட்டைத் துப்பாக்கியை, மட்டும் எழுதாதே என்றார்கள். ஊரில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர்களின் கவலை. ஊரில் உள்ளவர்கள் ஏற்கெனவே நினைத்துவிட்டார்கள். அக்கா மண்ணுக்குள் போய் ஓராண்டாகியும் அவரைப் பற்றி இரண்டு பொய்கள் உலவுகின்றன. கடைசியில் மனந்திரும்பித் துவக்கைக் கைவிட்டார் என்கிறார்கள் சிலர். நம்முடைய பிள்ளை ஒருவனைப் பொலிசில் காட்டிக்கொடுத்தார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் துவக்குத்தான் காரணம். ஆகவே நான் துவக்கைப் பற்றியே எழுதப் போகிறேன். விரும்பாதவர்கள் இதைத் தாண்டி, மலரின் பின்பகுதியில் உள்ள பாட்டுகளுக்குப் போகலாம்.

அக்கா சாவகச்சேரிக்கு அண்மையில், மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் ஐயா இளவயதிலேயே காலமாக, என்னோடு சேர்த்து ஐந்து சகோதரரின் சுமை அக்காவின் தோளில் விழுந்தது. மிஷன் ஆசுபத்திரியில் தாதியாகப் பயின்று, அறுபதுகளின் நடுவில் திருச்சபையின் உதவியோடு ஜெர்மனிக்கு வந்தார். ஹம் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில், எமில் என்ற வயதான விவசாயியின் வீட்டு மாடியில் குடியிருந்து, நகர ஆசுபத்திரியின் சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தார். முதல் மாதத்திலேயே ஒரு பெண் நோயாளி, கறுத்த கை தன்னைத் தொடக்கூடாது என்று சத்தம் போட்டாராம். "சரி, அப்படியானால் நீங்களே எழுந்து நடங்கள்" என்று அரைகுறை ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு அக்கா கட்டிலருகே கை கட்டி நின்றார். சிறிது நேரத்தில் அந்த அம்மாவே கையை நீட்டினார். அக்கா அப்படிப்பட்டவர்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் அவர் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏதோ ஒரு லொறி சிறு மான் ஒன்றை மோதிவிட்டு நிற்காமல் போயிருந்தது. மானின் பின்கால்கள் இரண்டும் முறிந்திருந்தன. முன்கால்களை ஊன்றி எழும்புவதும் விழுவதுமாக அது வீதியோரத்தில் கத்திக்கொண்டிருந்தது. கார்களில் வந்தவர்கள் மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தார். யாரோ போய்ச் சொல்ல, வீதியை ஒட்டிய காட்டில் வேட்டை உரிமம் பெற்றிருந்த எமில் துவக்கோடு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. ஒரே வெடி. பின்பு எமில் தொப்பியைக் கழற்றினார்.

"நோவைக் குறைக்கத்தான் நான் சம்பளம் வாங்கிறன்" என்று அக்கா எனக்குப் பின்னாளில் சொன்னார். "அண்டைக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. அவர் சுட்டது எனக்குப் பாவமாப் படேல்லை. நான் பாத்துக்கொண்டு இருந்ததுதான் பாவமாப் பட்டது."

அன்று மாலையே தனக்கும் சுடப் பழக்கும்படி எமிலிடம் கேட்டார். எமில் முதலில் சிரித்தார், பிறகு பழக்கினார். வேட்டை உரிமத்துக்கு அங்கே கடினமான பரீட்சை உண்டு. எழுதியவர்களில் அக்கா ஒருவரே பெண். பரீட்சகர் பகிடியாக, "உங்கள் நாட்டில் யானை சுட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, நாங்கள் யானை சாப்பிடுவதில்லை" என்றார் அக்கா. அவருடைய வேட்டை ஒழுக்கம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. தின்னாததைச் சுடமாட்டார். குட்டியோடு நிற்பதைச் சுடமாட்டார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத எதையும் நோக்கித் துவக்கைத் தூக்கமாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் இங்கு வந்து, ஹம்மில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை ஒரு தேவாலய மண்டபத்தில் தமிழர் செபக்கூட்டம் நடக்கும். கெல்சென்கிர்ச்சனிலிருந்தும் பீலெஃபெல்டிலிருந்தும் சில குடும்பங்கள் வரும். பல்கலைக்கழகங்களில் படிக்கும் இந்தியத் தமிழ் மாணவர்களும் வருவார்கள். கூட்டத்தை நடத்தியவரை எல்லோரும் மூப்பர் என்றே அழைத்தோம். அக்கா பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தார்.

ஒரு நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு, அக்கா பெரிய சட்டி நிறைய இறைச்சிக் கறி கொண்டுவந்தார். மூப்பர் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, இந்த நாட்டில இப்பிடி ஆட்டிறைச்சி எங்க வாங்கினனீர்?" என்று கேட்டார்.

"ஆடு இல்லை அண்ணை, மான். நான் சுட்டது."

மூப்பர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "கொலை செய்யாதே எண்ட ஆறாம் கட்டளையைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற உமக்கு நான் சொல்ல வேணுமே?"

"அது மனிசரைக் கொல்லுறதைப் பற்றி, அண்ணை. ஆடு எண்டு நினைச்சுத்தானே சாப்பிட்டனீங்கள்? ஆடு என்ன, தானாச் செத்ததே?"

அடுத்த மாதம் மூப்பர் தீர்ப்பைச் சொன்னார்: துவக்கு அல்லது ஞாயிறு வகுப்பு, இரண்டில் ஒன்று. அக்கா எழுந்து நின்றார். "ஆண்டவர் கரையில மீன் சுட்டு வைச்சுக்கொண்டு சீஷரைச் சாப்பிடக் கூப்பிட்டவர். அந்த மீனுக்கும் உயிர் இருந்தது. அவரையும் நீங்கள் வகுப்பு எடுக்க விடமாட்டியளோ?" அத்தோடு வகுப்புப் போயிற்று. அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் இருந்துகொண்டு எல்லோரிலும் உரக்கப் பாடினார்.

துவக்கு வைத்திருக்கும் பெண்ணை யார் கட்டுவான் என்று ஊரிலிருந்து ஒரு மாமி கடிதம் எழுதினார். "ஓடாதவன் கட்டுவான்" என்று அக்கா மறுமொழி போட்டார். ஒருவரும் வரவில்லை. அதற்காக அவர் அழுததை நான் பார்க்கவுமில்லை.

அவர் அழுததை ஒருமுறைதான் பார்த்தேன். ஒரு மாலை அவர் வைத்த வெடி பிசகி, காயப்பட்ட மான் காட்டுக்குள் ஓடிவிட்டது. எமிலின் நாயோடு இருளும்வரை தேடினார்கள். விடிந்ததும் மீண்டும் போனபோது அது ஓர் ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. இரவு முழுதும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று எமில் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுவதும் துவக்கு இரும்பு அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை.

"இதை விட்டிடுங்கோவன், அக்கா" என்றேன்.

"விட்டால் நான் செய்த பிழை இல்லாமல் போயிடுமோ? அதை நினைச்சுக்கொண்டுதான் இனி நான் துவக்குத் தூக்க வேணும்" என்றார். அடுத்த பருவத்தில் மறுபடியும் போனார். முன்னைவிடக் குறைவாகச் சுட்டார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் மூப்பரின் மகன் ஜெயம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை. இனக்கலவரத்தில் அவனுடைய மாமாவின் வீட்டை அவன் கண்முன்னே எரித்திருந்தார்கள். அக்காவின் சமையலுக்காக ஞாயிறுகளில் வருவான். அக்காவுக்கும் அவன்மேல் மிகுந்த பிரியம். ஒரு ஞாயிறு மத்தியானம் தகப்பனோடு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, உங்களுக்குச் சுடத் தெரியும். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் பழக்கிவிடுங்கோ. பிறகு அந்தத் துவக்கையும் தாங்கோ. ஊருக்குக் கொண்டுபோக வழி இருக்கு."

அக்கா அவனைப் பார்க்கவில்லை, மூப்பரைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

மூப்பர் தலை குனிந்தார். "காலம் அப்பிடி மாறிப்போச்சு, பிள்ளை."

"ஒரு மானுக்காக எனக்கு ஆறாம் கட்டளை சொன்னீங்கள். இப்ப மனிசர் எண்டு வந்த உடன கட்டளை அஞ்சோட முடிஞ்சு போச்சோ?"

ஜெயத்துக்குக் கோபம் வந்தது. "எங்கட வீடுகளைக் கொளுத்தேக்க அவங்கள் கட்டளை பாத்தவங்களே?"

"இல்லை. அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லையடா தம்பி. நீ சொல்லுற அநியாயம் முழுக்க உண்மை. ஆனா உயிர் போறதை நான் பக்கத்தில இருந்து பாத்தனான். ஒரு வெடி பிசகினதுக்கு விடியவிடிய நித்திரை இல்லாமல் கிடந்தனான். அது மான். நீ மனிசரைச் சுட்டிட்டு எப்பிடி நித்திரை கொள்ளப் போறாய்? என்ர துவக்கு மனிசரைப் பாக்காது. வா, சாப்பிடு."

அவன் சாப்பிடாமலே போனான்.

மறுநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு துவக்கையும் உரிமத்தையும் உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப் போனார். அந்த அலுவலகம் பொலிஸ் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. காட்டிக்கொடுத்தார் என்ற கதை அங்கேதான் பிறந்தது. யாரோ அவர் உள்ளே போவதைக் கண்டிருக்கிறார்கள். அங்கு பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஏன் விடுகிறீர்கள் என்று அலுவலர் கேட்டார். "முழங்கால் ஏலாது, குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்ற பொருளில் அக்கா பதில் சொன்னார். எவருடைய பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "கேட்டவன் திருப்பிக் கேப்பான். இல்லாட்டி கேக்காமல் எடுப்பான். என்ர வீட்டில இருந்தால் அது என்ர பொறுப்பு" என்றார். பன்னெடுநாள் பழகிய காட்டுக்கு அதன்பின் வெறுங்கையோடு போனார்.

அடுத்த செபக்கூட்டத்தில் மூப்பர், ஒரு சகோதரி மனந்திரும்பியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "நான் மனந்திரும்பேல்லை. மான் சுட்டதுக்கு வெக்கப்படவும் இல்லை. துவக்கை ஏன் குடுத்தனான் எண்டு இங்க இருக்கிற சிலருக்குத் தெரியும்." அவ்வளவுதான். திரும்ப உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறுவதைப் பலர் நிறுத்தினார்கள். பெயர்களை நான் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அதற்கடுத்த ஆண்டு அக்காவின் வயிற்றில் நோய் கண்டது. தான் வேலை பார்த்த அதே பிரிவில் கத்திக்குக் கிடந்தார். வாராவாரம் சிகிச்சைக்குப் போகவேண்டும். எனக்கோ இரவும் பகலும் மாறிமாறி வேலை. ஒரு காலை யாரோ மணி அடித்தார்கள். இரவல் கார்ச் சாவியோடு ஜெயம் நின்றான்.

"டாக்குத்தரிட்டை டெர்மின் எத்தினை மணிக்கு, அக்கா?"

"சாப்பிட்டிட்டு வந்தனியோ?" என்றுதான் அக்கா கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவனே ஓட்டினான். பின் ஆசனத்தில் சில நாள் நான் இருந்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் இருவரும் அதே விஷயத்தில் சண்டை பிடித்தார்கள். அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அவன் தன் எண்ணத்தை மாற்றவில்லை. இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, "அக்கா என்னைக் காட்டிக்குடுக்கேல்லை எண்டு என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ" என்றான். எழுதிவிட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் முறை வைத்துப் பக்கத்தில் இருந்த சகதாதிமாருக்கும், அடக்கத்தன்று தொப்பியைக் கையில் பிடித்தபடி மழையில் நின்ற எமிலுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த ஜெயத்துக்கும், ஊரில் எங்களுக்காகச் செபித்த தங்கைமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்கா இறப்பதற்கு முந்திய நாள் மூப்பர் வந்தார். கட்டிலருகே வந்து நின்று, "செபம் செய்யட்டே, பிள்ளை?" என்று கேட்டார்.

"செய்யுங்கோ அண்ணை" என்றார் அக்கா. குரல் மிகவும் மெலிந்திருந்தது. "ஆனா நான் மனந்திரும்பினனான் எண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மூப்பர் கண்ணை மூடி நீண்ட செபம் செய்தார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.