மறைப்பு அட்டைக்குப் பின்னால்

தேர்தல் டியூட்டி ஆர்டர் வந்ததும் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்கு அலையும் இளம் சகாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மும்பை மாட்டுங்காவில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். உலகம் முழுக்க ஜனநாயகம் தேய்கிறது, தனி மனிதர்கள் நாடுகளைக் கைக்குள் போட்டுக்கொள்கிறார்கள் என்று டிவியில் தினமும் பேசுகிறார்கள். அந்த அளவுக்குப் பேச எனக்குத் தெரியாது. தாராவியில் முதல்முறை பிரிசைடிங் ஆபீசராக, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக, இருந்த நாளில் நடந்ததைச் சொல்லத் தெரியும்.

சாவடி ஒரு பள்ளிக்கூட அறை. வேட்பாளர்களின் ஏஜென்டுகளில் ஒருவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். அந்தச் சந்துகளில் தண்ணீர்க் குழாய் முதல் வாடகைத் தகராறு வரை அவர் சொல்வதுதான் முடிவு என்று என் உதவியாளர் காலையிலேயே காதில் போட்டுவிட்டார். உள்ளே வந்தவர்கள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பதினொரு மணி வாக்கில் முருகன் என்பவர் தன் அம்மா பேச்சியம்மாளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அம்மாவுக்குப் பார்வை இல்லை.

“மேடம், அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நானே கூடப் போயி பட்டன அமுக்கிடுதேன்.”

“கூட ஒருத்தர் போலாம் மேடம், ரூல்லயே இருக்கு,” என்றார் அண்ணாச்சி, நாற்காலியிலிருந்தே.

ரூல் இருப்பது உண்மை. துணைக்கு வருபவர் கையெழுத்திடும் படிவத்தைக்கூட நான் எடுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது, அந்த அம்மாவை யாருமே கேட்கவில்லை.

“அம்மா, உங்களுக்குத் துணை வேணுமா?”

“வேண்டாம் தாயி. கண்ணுதான் இல்ல. கையி நல்லாத்தான இருக்கு. பூக் கட்டுத கை.”

முருகன் முகம் வெளிறியது. என் மேஜையருகே குனிந்தார். “மேடம், நான் அண்ணாச்சி வொர்க்‌ஷாப்புலதான் வேல பாக்கேன். அம்மா ஓட்டுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மாறிப்போச்சுன்னா வேலையும் போயிரும், ரூமும் போயிரும்.”

கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். படிவத்தை நீட்டிவிட்டால் அந்த அறையில் எல்லோருக்கும் நிம்மதி. ஒருவரைத் தவிர.

“அவங்க வேண்டாம்னுட்டாங்க முருகன். நீங்க இங்கயே நில்லுங்க,” என்றேன்.

விளக்கிக் காட்டுவதற்கென்று அட்டையில் ஒரு மாதிரி மெஷின் தருவார்கள். பேச்சியம்மாளின் விரல்களை அதன்மேல் வைத்து, வேட்பாளர் பெயர்களை வரிசையாகப் படித்தேன். உதடு அசைய எண்ணிக்கொண்டார்.

“இன்னொருக்கா சொல்லுதியா தாயி?”

மறுபடி படித்தேன். ஓட்டு மெஷினைச் சுற்றி வைத்திருந்த அட்டை மறைப்பு வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினேன்.

“இன்னும் எவ்ளோ நேரம்? லைனைப் பாருங்க மேடம், ஜல்தி,” என்றார் அண்ணாச்சி.

“ஆகட்டும். காத்திருப்போம்.”

நீளமாக பீப் ஒலித்தது. பேச்சியம்மாள் தடவியபடி வெளியே வந்து, மகனின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“நீ சொல்லிக் குடுத்த மாதிரியே அமுக்கிட்டம்ல. அண்ணாச்சிகிட்டச் சொல்லிரு.”

அண்ணாச்சி திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த அம்மா எதை அமுக்கினார் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது, அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் மாட்டிக்கொள்ளவும் கூடாது, தன் ஓட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டையும் அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அடுத்து முருகனின் முறை. மறைப்புக்குள் போனார். பீப் வரவில்லை. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவசரமில்லய்யா, மெள்ளப் பண்ணு,” என்றார் பேச்சியம்மாள் வாசலருகே நின்று.

பிறகு பீப் வந்தது. முருகன் கலங்கிய கண்களுடன் வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமலே இருவரும் போனார்கள்.

அன்று வரை ரகசிய வாக்கெடுப்பு எனக்கு ட்ரெயினிங்கில் கேட்ட ஒரு விதி. மற்ற நேரமெல்லாம் பயந்து வாழ வேண்டியவர்களுக்கு அது ஒரு நிமிஷம் நிற்க இடம் தருகிறது என்று அந்த இருவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அதன்பின் எல்லா டியூட்டியிலும் வாக்குப்பதிவு தொடங்குமுன் ஏஜென்டுகளின் நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பேன். மறைப்புக்குள் நிற்பவரின் கை தெரிந்தால் ஓட்டு மெஷின் இருக்கும் மேஜையைத் திருப்பிப் போடுவேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.