ஏரோப்ளேனுக்குத் தூவிய காகிதம்

பிள்ளைகளே, நான் மூன்றாவது படிக்கும்போது, படம் பார்க்கப் போன இடத்தில் ஒருவர் மனசை நோகடித்துவிட்டேன்.

செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரம்மா வீட்டில் என் அம்மா சமையல் வேலை செய்தாள். அவர்கள் நூல் சேலை கட்டி, ஒவ்வொரு சொல்லாக யோசித்துத் தமிழ் பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் கொட்டகையில் காலை ஆட்டமாக ஜெர்மன் யுத்தப் படம் போட்டார்கள். "படத்துல என் ஊர் வருது. நீங்களும் பாக்கணும்" என்று எங்களையும் கூட்டிப்போனார்கள். சின்ன வயதில் விட்டுவந்த ஊராம்.

ஹீரோ வந்தால் காகிதம் தூவுவது எங்கள் கொட்டகை வழக்கம். அண்ணனும் நானும் பழைய நோட்டைக் கிழித்து டவுசர் பை நிறைய வைத்திருந்தோம்.

படத்தில் பெண்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமி பொம்மைக்குத் தலை பின்னினாள். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை.

"யார்ரா ஹீரோ?"

"இருடா, வருவான்."

திரையில் அபாயச் சங்கு ஊதியது. வானத்தில் வரிசையாக ஏரோப்ளேன்கள் வந்தன.

"டேய், வந்துட்டான்டா! போடு!"

பெஞ்சு மேல் ஏறி அள்ளி அள்ளி வீசினோம். கொட்டகையே விசிலடித்தது. திரையில் வீடுகள் எரிந்தன. முன்வரிசையில் ஜெர்மன்காரம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருந்தார்கள். அவர்கள் முதுகெல்லாம் எங்கள் காகிதம்.

"உக்காருங்கடா, சனியன்களா!" அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

விளக்குப் போட்டதும் அம்மா, ஜெர்மன்காரம்மா தலையிலிருந்த காகிதத்தைப் பொறுக்கப் போனாள். "மன்னிச்சுக்குங்கம்மா. புத்தி கெட்டதுங்க."

"பரவால்ல. பசங்க." மடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்து நீவினார்கள். என் கூட்டல் கணக்கு. "அன்னைக்கும் இப்படித்தான். ஸ்கூல் எரிஞ்சு, நோட்டுப் பேப்பர் எல்லாம் மேலேருந்து விழுந்துச்சு. புடிக்கிறேன்னு தங்கச்சி ஓடினா." துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

காகிதம் என்றால் அவர்களுக்கு ரொம்ப ஆசை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மறுநாள் இன்னொரு நோட்டையும் கிழித்து, ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்க தங்கச்சிக்கும் தபால்ல அனுப்புங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் தலையைத் தடவி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு பிஸ்கட்டாவது கொடுக்கவில்லையே என்று எனக்குக் கோபம்.

ஓடிய தங்கச்சி திரும்பி வரவேயில்லை என்று அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. ஜெர்மன்காரம்மா அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.