தறி நின்ற அரைமணி நேரம்

போன புரட்டாசியில் என் மகள் ஹேமா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பதினாறு வயதுப் பெண், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தெற்காசிய நாடுகளின் பெண் பிள்ளைகள் மோதும் கால்பந்துப் போட்டிக்காகக் கொழும்பு போகும் அணியில் கோல்கீப்பராக இருக்க வேண்டியவள். கடைசி நாளில், "யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுகிறோம்" என்று முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

நாங்கள் நகரியில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர்கள். மனக்கஷ்டம் வந்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி திருப்பதி. சனிக்கிழமை கூட்டம் அலைமோதும் என்று தெரிந்தும் ஹேமாவை இழுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வழக்கம்போல் செல்போனைக் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றோம். ஏழு மணி நேரம். சந்நிதியில் கிடைத்தது ஒரு நொடி. உண்மையைச் சொல்கிறேன், அணியில் இடம் கேட்கவில்லை நான். "பெருமாளே, இவள் இந்தப் பந்தை மறந்துவிடட்டும். பழையபடி சிரித்தால் போதும்" என்றுதான் கேட்டேன்.

வெளியே வந்து போனை வாங்கினால் மிஸ்டு கால் வரிசையாகக் கிடந்தது. மேலே பயிற்சியாளரின் செய்தி. ஒரு கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டது, ஹேமா இரவுக்குள் சென்னை வர வேண்டும், மதியம் ஒரு மணிக்குள் பதில் இல்லையென்றால் வேறு பெண்ணைக் கூப்பிடுவோம். அப்போது மணி மூன்று பத்து. மற்ற அழைப்புகள் யாருடையவை என்று பார்க்கவே தோன்றவில்லை. ஹேமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வுடும்மா, நீ இன்னா பண்ணுவே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன் வாசலில் நின்றதற்கா இந்தத் தண்டனை என்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்டு அழுதேன்.

அந்த நேரத்தில் கணவர் கூப்பிட்டார்.

"இன்னாமே, எத்தினி வாட்டி போன் பண்றது? கோச்சு சாரு எனக்குப் பண்ணாரு. வருவான்னு சொல்லிட்டேன். பாஸ்போர்ட்டு, பூட்ஸு எல்லாம் எடுத்துக்கினு நம்மூரு பைபாஸ்ல நிக்கிறேன். மெட்ராஸ் பஸ்ஸ புடிச்சி வாங்க."

"தறி ஓடச்சொல்ல உனுக்கு போனு எப்டி கேட்டுச்சி?"

"எங்க ஓடிச்சி? பன்னெண்டே முக்காலுக்குக் கரண்ட்டு பூட்சிமே."

அன்பர்களே, தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. கரண்ட் போனால் லைன்மேனைத் திட்டாத வீடு எங்கள் ஊரில் இல்லை. அன்று கரண்ட் இல்லாதது அரைமணி நேரம்தான். அந்த அரைமணியில்தான் அவர் போன் அடித்தது.

கொழும்பில் முதல் இரண்டு ஆட்டங்களில் ஹேமா வெளியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் இறக்கினார்கள். ஒரு கோல் விட்டாள், மூன்றைத் தடுத்தாள். அணி கோப்பை வாங்கவில்லை. ஆனால் இரவு போனில் மூச்சுவிடாமல் பேசினாள், சிரித்தாள். நான்தான் அழுதேன்.

நான் கேட்டதில் பாதியைத்தான் பெருமாள் கொடுத்தார். சிரிப்பைக் கொடுத்தார், பந்தை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் முன்னால் நான் கட்டளை போடுவதில்லை. ஹேமாவிடமும் விளையாடியது போதும் என்று சொல்வதில்லை. உங்களுக்கும் என்ன கேட்பதென்று தெரியாமல் போகலாம், தப்பாகக்கூடக் கேட்டுவிடலாம். பரவாயில்லை, போய் நில்லுங்கள். பெற்றவளே தப்பாகக் கேட்டபோதும் என் பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.