கடைசி சீட்டில் தேறிய செண்ட்டுகள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகும் காலை பஸ்ஸில் சசிகலா எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவாள். பஸ் ஏறினாலே குமட்டும் உடம்பு அவளுக்கு. அப்படிப்பட்டவர்கள் முன்பக்கம் இடம் பிடிக்க முண்டியடிப்பார்கள். இவள் மட்டும் அதிகம் தூக்கிப்போடும் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு சொட்டு செண்ட் விட்ட கைக்குட்டையை மடியில் வைத்துக்கொள்வாள். எனக்கு மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. தினமும் அதே பஸ். முதலில் இவளுக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

கிறுக்கு இல்லை, அது பரீட்சை. சசிகலா செண்ட் விற்பவள். போளூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே விற்றாள். முதலாளி கடையை இழுத்து மூடியதும் மிச்சமிருந்த பாட்டில்களை ஒரு சூட்கேஸில் அடுக்கிக்கொண்டு மலைச் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். வேலூர் மொத்தக்கடையில் எதை எடுத்தாலும் முதலில் ஒரு பாட்டில்தான். அதை மலையேற்றிப் பார்ப்பாள். எல்லா வளைவும் தாண்டி, வாந்தி வராமல் போய்ச் சேர்ந்தால் அது வெயில் காலத்துக்கு ஏற்ற செண்ட். வந்தால் அதை அத்தோடு விட்டுவிடுவாள். இப்படித் தேறியவை நாலே நாலு: இளசான மல்லி, சம்பங்கி, மகிழம்பூ, எலுமிச்சைப்பூ. ரோஜா இரண்டாம் வளைவிலேயே தோற்றது. ஜவ்வாது மலைக்குப் போய் ஜவ்வாது விற்காத ஆள் நீதான் என்று ஒருமுறை சீண்டினேன்.

"அத்த வெச்சிக்கினு நீங்க ஒரு வாட்டி கடைசி சீட்டுல வாங்க சார், அப்பறம் பேசலாம்" என்றாள்.

மலைப்பெண்கள் அவளை நம்பினார்கள். சித்திரை வெயிலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துவிட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் அவர்கள். வியர்வையோடு சேர்ந்து நாறிப்போகிற சரக்கு ஆகாது. புளி விற்க வரும் மாணிக்கம்மாள் காதுக்குப் பின்னால் சம்பங்கி ஒரு சொட்டு வைத்துக்கொண்டுதான் பேரம் பேச உட்காருவாள். "வெச்சது எனக்கு மட்டும்தான் தெரியணும். பக்கத்தூட்டுக்காரிக்குத் தெரிஞ்சா அது இன்னா செண்ட்டு?" என்பாள். நல்ல செண்ட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

போன சித்திரையில் வந்தது வினை. மொத்தக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த, கல்யாண வீட்டில் தெளிக்கிற நெடி மிகுந்த செண்ட் ஒன்றைச் சோதிக்காமலே சூட்கேஸில் போட்டிருந்தாள். மூன்றாம் வளைவில் பஸ் குலுங்கியதில் அது உடைந்தது. ஐந்தாம் வளைவுக்குள் இரண்டு பக்க ஜன்னல்களிலும் தலைகள் தொங்கின. முதல் தலை சசிகலாவுடையது. டிரைவர் ராஜாக்கண்ணு வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். இருபது வருடமாக அந்த மலையை ஏறி இறங்குகிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாம்மா இது, பஸ்ஸா, பொணம் தூக்கற வண்டியா? இந்தப் பொட்டி இனிமே என் வண்டில ஏறாது."

மேலே போனதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவளே பஸ்ஸைக் கழுவினாள். அவர் மனம் இறங்கவில்லை.

அடுத்த பஸ் போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருக்கும். வெறும் பந்தல் கம்புகளிடம் யார் செண்ட் விற்பது? ஐந்து வாரம் அப்படிப் போய்த் திரும்பினாள். அவள் சரக்கு போவதே வெயில் காலத்தில்தான். அது கண்ணெதிரே கழிந்துகொண்டிருந்தது. பழையபடி எங்காவது கடையில் சேர்ந்துவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ராஜாக்கண்ணுமேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரிடம் வாய் திறக்கவில்லை. தினமும் அவர் வண்டியில் போகவேண்டியவன் நான்.

வைகாசியில் ஒரு சந்தை நாள், வண்டியில் வேறு டிரைவர். இதுதான் சமயமென்று சசிகலா சூட்கேஸோடு ஏறிவிட்டாள். ஏறியபிறகுதான் பார்த்தாள்: மேலே ஒரு கல்யாணத்துக்குப் போக, வெள்ளை வேட்டி கட்டி, என் பக்கத்தில் ஜன்னலோரம் ராஜாக்கண்ணு. அவள் முகம் செத்துப்போனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரையும் திட்டும் நிலையில் அவர் இல்லை என்பது வளைவுகள் தொடங்கியதும் தெரிந்தது. முதல் வளைவில் வியர்த்தார். இரண்டாவதில் துண்டால் வாயைப் பொத்தினார்.

"ஸ்டேரிங் புடிச்சா எனக்கு ஒண்ணும் ஆவாது சார். இப்டி குந்திக்கினு வந்தாதான்..." என்றவரால் முடிக்க முடியவில்லை.

கடைசி சீட்டிலிருந்து கம்பிகளைப் பிடித்தபடி சசிகலா வந்தாள். தன் மடியிலிருந்த கைக்குட்டையை நீட்டினாள்.

"எலுமிச்சைப்பூண்ணே. மூக்குகிட்ட வெக்காதீங்க, மடியில வெச்சிக்கோங்க. வாசன அதுவா வரும்."

அவர் வாங்கிக்கொண்டார். அவள் வெறும் கையோடு திரும்பிப் போனாள். அந்த வண்டியில் சூட்கேஸைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏழாம் வளைவில் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். ராஜாக்கண்ணு வேட்டி கலையாமல் மேலே போய்ச் சேர்ந்தார். இறங்கும்போது, "யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றார்.

அடுத்த சந்தை நாளில் ராஜாக்கண்ணுதான் ஓட்டினார். கண்டக்டர் வழக்கம்போல் கையைக் குறுக்கே நீட்டி, "பொட்டி ஏறாதும்மா, அண்ணன் திட்டுவாரு" என்றார்.

ராஜாக்கண்ணு முன்னாலிருந்து திரும்பாமலே குரல் கொடுத்தார். "என் சீட்டுக்குப் பின்னால கொணாந்து வெய்யி. அங்கதான் குலுங்காது."

அவரிடம் என்ன சொல்லிச் சரிக்கட்டினாய் என்று கண்டக்டர் குடைந்து குடைந்து கேட்டார். சசிகலா சிரித்ததோடு சரி. இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நான்தான்.