ஏழாம் நம்பர் ஜெர்சிக்குள் இருந்தது யார்?

என் ஒரு மாத வேலை இன்று கீழ்பென்னாத்தூர் உரக்கடை ஒன்றில் பாழானது.

எங்கள் கல்லூரி சின்னது. மண்டல அளவில் பரிசு வாங்கிய பெண்கள் கூடைப்பந்து வீராங்கனைகளின் பெயரை இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. உடற்கல்வி ஆசிரியையாக வந்ததும், ஒரு பலகை வைத்தே தீருவது என்று பழைய பதிவேடுகளைத் தோண்டினேன்.

ஒரு வருடத்துக்கு மட்டும் பெயரே இல்லை. "சிறந்த வீராங்கனை: எண் 7" என்று எழுதியதோடு சரி.

விசாரித்ததில், ஏழாம் நம்பர் விஜயா அக்கா என்றார்கள். அவருடைய உரக்கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நம்பர் என்னுதுதான் மேடம். ஆனா டீமுக்கே எட்டு ஜெர்சிதான். ஆடாதவ அடுத்தவளுக்குக் குடுத்துடணும். ஃபைனல் அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஏழாம் நம்பரைப் போட்டுக்கிட்டு ஆடுனது லட்சுமி."

அங்கிருந்தே பிரின்சிபாலுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டுச் சொன்னேன். "நாளைக்கு பெயின்டர் வர்றாரும்மா. விஜயா பேரையே போட்டுடுங்க" என்றார்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போட்டுப் பாருங்க. நானே வந்து அழிச்சிடுவேன்."

லட்சுமியின் இனிஷியல் அவருக்கு நினைவில்லை. அந்த வருட மாணவியர் சேர்க்கைப் பதிவேட்டிலோ மூன்று லட்சுமிகள். அந்த வரியை மட்டும் காலியாக விடச் சொல்லிவிட்டேன். நிரப்பாமல் விடப்போவதில்லை.

அந்த லட்சுமியைத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மூன்று பேருமே வந்து நின்றாலும் கவலையில்லை. பந்தைக் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.